ஒருவருக்கு ஒரே குடும்பம்

“பதினோரு நோயாளிக்கு ஒருத்தனே கூடப்பிறந்தவனா? ரத்தம் விக்கிற பயல்தான் இவன், சந்தேகமே வேண்டாம். அழிச்சிடு!” என்றாள் வசிதி.

அசெனாதா கம்ப்யூட்டரைப் பார்த்துத் திருதிருவென விழித்தாள்.

அந்தச் சின்ன ஊர் ஆஸ்பத்திரியின் ரத்த வங்கிக் கணக்குகளைப் புது டேட்டாபேஸுக்கு மாற்றிவிட்டு வரச்சொல்லி, அவளைத் தலைநகர் சுவாவிலிருந்து அனுப்பியிருந்தார்கள். அரை நாள் வேலை என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். எந்த வேலைக்குத்தான் அப்படிச் சொல்லவில்லை?

காலையிலிருந்து மூன்று தடவை ஏற்றிப் பார்த்தாயிற்று. மூன்று தடவையும் நாலாயிரத்துச் சொச்சம் வரிகளைச் சமர்த்தாக வாங்கிக்கொண்டது. இசிகேலி என்ற பெயர் வந்ததும் முரண்டு பிடித்தது. ‘இந்தக் கொடையாளர் எண் ஏற்கெனவே உள்ளது.’ அவ்வளவுதான். ஒரு வரி தகராறு செய்தால் போதும், வாங்கிய மொத்தத்தையும் துப்பிவிடும்.

சொந்தக்காரர் யாராவது ரத்தம் கொடுத்தால்தான் நோயாளிக்கு வங்கியிலிருந்து ரத்தம் கிடைக்கும் என்பது அங்கே வழக்கம். புது டேட்டாபேஸில் இன்னும் ஒருபடி மேலே போய், ஒருவர் ஒரே குடும்பத்துக்குத்தான் கொடுக்கலாம் என்று ரூல் போட்டிருந்தார்கள். ரத்தம் விற்பவர்களைப் பிடிக்க வங்கிப் பொறுப்பாளர் வசிதியே கேட்டு வாங்கிய ரூல் அது.

“ஒரே பேர்ல ரெண்டு ஆள் இருப்பாங்களோன்னு பார்த்தேன்க்கா. பிறந்த தேதி ஒண்ணு, போன் நம்பர் ஒண்ணு, ரத்த வகையும் ஒண்ணு. ஒரே ஆள்தான். ஆனா, அந்தப் பதினோரு பேர்ல பிரபாவதிங்கிற இந்தியப் பொண்ணுக்கு இசிகேலி எப்படிக்கா அண்ணன் ஆவாரு?”

“நம்ம ஊர்ல ரெண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்து யங்கோனா குடிச்சா, மூணாவது கிண்ணத்துல அண்ணன் தம்பி ஆயிடுவாங்க. அதெல்லாம் சரி. ஆனா பதினோரு பேரா?”

“இப்போ பன்னிரண்டாவதும் வந்தாச்சுக்கா.”

அதுதான் சிக்கல். கோரோ தீவிலிருந்து தனியாகப் படகேறி வந்த பெரியவர் ஒருவருக்கு ரெண்டு மணிக்கு ஆபரேஷன். அவருக்காகக் காலையில் ரத்தம் கொடுத்துவிட்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனும் இதே இசிகேலிதான். அவன் பதிவை அழித்தால் டேட்டாபேஸ் ஓடும். ஆனால் பெரியவருக்கு ரத்தம் வராது, ஆபரேஷன் தள்ளிப்போகும். அதுவரை அவர் தாங்குவாரா என்று டாக்டருக்கே நிச்சயமில்லை.

வசிதி வாசலுக்குப் போனாள். அசெனாதாவும் பின்னாலேயே ஓடினாள்.

“ஏய், உள்ளே படுத்திருக்கிற பெரியவருக்கு நீ என்ன வேணும்?”

“தம்பிங்க” என்று எழுந்து நின்றான் இசிகேலி.

“அவர் பேர் என்ன?”

“அது… கார்டுல இருக்குமேக்கா.”

“கூடப்பிறந்த அண்ணன் பேரைக் கார்டுல பார்த்தாத்தான் தெரியுமா? ஆளுக்கு எவ்வளவு வாங்குறே?”

“போன தடவை ரெண்டு சேப்பங்கிழங்கு கொடுத்தாங்க. வேண்டாம்னா வருத்தப்படுவாங்களேன்னு வாங்கிக்கிட்டேன்.”

“அப்புறம் எதுக்குச் சொந்தம்னு பொய் எழுதினே?”

“படகுத்துறையில மூட்டை தூக்குறவன்க்கா நான். யார் தனியா வந்து இறங்குறாங்கன்னு கண்ணுல படுது. உங்க ஃபார்ம்ல ‘யாரோ ஒருத்தன்’னு எழுத இடம் இல்லையே.”

“பேச்சைப் பாரு!” என்று சீறிவிட்டு உள்ளே வந்தாள் வசிதி. “இப்படி இனிக்க இனிக்கப் பேசுறவனைத்தான் நம்பவே கூடாது. அழி, அசெனாதா. மணி ஒண்ணே கால்.”

அசெனாதாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆளைப் பார்த்தால் பொய்யன் மாதிரித் தெரியவில்லை. பதிவைப் பார்த்தால் பொய்யைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. ஒருவேளை பழைய டேபிளில் கொடுத்தவரும் வாங்கியவரும் இடம் மாறிவிட்டார்களோ? கடைசி முயற்சியாக, இசிகேலியின் எண்ணை நோயாளிகள் பக்கத்தில் போட்டுத் தேடினாள்.

ஒரே ஒரு வரி வந்தது.

“அக்கா, இவரும் இங்கே நோயாளியா இருந்திருக்காரு. ஏழு வருஷம் முன்னாடி, படகு விபத்துல.”

“இருக்கட்டுமே. அதுக்கென்ன?”

“இதுவும் குழப்பமாத்தான் இருக்கு. இவருக்கு ரத்தம் கொடுத்தவரோட உறவு, ‘கூடப்பிறந்தவர்’னு போட்டிருக்கு. ஆனா ஊர் வேற, அப்பா பேரும் வேற. ஆள் இந்த ஆஸ்பத்திரியிலேயே வேன் டிரைவராம். பேரு… விலியாமி துலகா. உங்களுக்குத் தெரியுமா?”

வசிதி திரும்பினாள். மெதுவாக வந்து, பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, அந்த வரியைப் படித்தாள். மறுபடியும் படித்தாள்.

“என் வீட்டுக்காரர்” என்றாள். “போய்ச் சேர்ந்து ரெண்டு வருஷமாச்சு. இதை என்கிட்டகூட ஒரு வார்த்தை சொல்லலையே.”

“அப்போ இசிகேலி அவருக்கு நிஜமாவே…?”

“அவருக்குக் கூடப்பிறந்தது ஒருத்தரும் கிடையாது.”

அசெனாதா கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்றரை ஆகப்போகிறது.

“அக்கா… அழிக்கட்டுமா?”

வசிதி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“அந்த ரூலை அழி. அவரு என் கொழுந்தனாரு.”