பார்க்க வந்தவர்கள்

"இதுக்குப் பேரு ஊரா, குடோனா?" என்றாள் கோகிலவாணி.

சக்கர நாற்காலி மட்டாஞ்சேரி பஜார் சாலையின் குழி ஒன்றில் நின்றிருந்தது. எதிரே லாரியிலிருந்து சுக்கு மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. கோகிலவாணி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

ரஃபீனா நாற்காலியைப் பின்னால் சாய்த்து, குழியைத் தாண்டித் தள்ளினாள்.

கோகிலவாணிக்கு இடுப்பு மூட்டு மாற்றியிருந்தார்கள். கோயம்புத்தூரில் இருந்தால் சொந்தக்காரர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாகப் பார்க்க வருவார்கள். அவர்களுக்குக் காப்பி கொடுக்க வேண்டும். வெட்டிய கதையை ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

கடலுக்குள் எவனும் வரமாட்டான் என்று கப்பல் ஏறிவிட்டாள்.

மும்பையில் ஏறினாள். சிங்கப்பூரில் இறங்குவாள். நடுவில் துறைமுகம் துறைமுகமாக இறங்கி ஊர்களை இகழ்வாள். மருத்துவர் சொல்லாத உடற்பயிற்சி அது. கோவாவில் கடல் அழுக்கு. மங்களூரில் மனிதர்கள் அழுக்கு. கப்பலில் இட்லி கல்.

ரஃபீனா அவளுடைய நர்ஸ். கழுவிவிடுவாள், உடுத்திவிடுவாள், தள்ளுவாள்.

சாலைக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் ஒரு வீட்டில் ரஃபீனாவின் உம்மா மரியம் படுத்திருந்தாள். கர்ப்பப்பையை எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பக்கத்துவீட்டுப் பெண் கஞ்சி வைத்துக் கொடுக்கிறாள்.

கப்பல் கொச்சியில் நிற்பது இன்று ஒரு பகல். நர்ஸ் வீட்டுக்குப் போவது வேலையில் சேர்த்தி இல்லை. தெரிந்தால் இங்கேயே இறக்கிவிட்டுப் போவார்கள். உம்மாவின் ஆபரேஷன் நடந்ததே இந்த வேலைக்கு வாங்கிய முன்பணத்தில்தான்.

அதனால் காலையில் கோகிலவாணியிடம் சொன்னாள்: டச்சுக்காரர் காலத்து வியாபாரி வீடு ஒன்று இருக்கிறது. கப்பல்காரர்கள் யாரையும் அங்கே கூட்டிப்போவதில்லை.

மற்றவர்கள் பார்க்காதது என்றதும் கோகிலவாணி புடவை மாற்றினாள்.

உம்மாவிடம் போனில் சொன்னது ஒரே வரி. என்னைத் தெரியாத மாதிரி இரு.

பொய் பாதிதான். வீடு உண்மையிலேயே பழையது. ஒரு காலத்தில் ஒரு வியாபாரியுடையது. இப்போது அறைக்கு ஒரு குடும்பம்.

மரியம் கட்டிலில் சுவரோடு சாய்ந்திருந்தாள். நாற்காலி வாசலைத் தாண்டியதும் முக்காட்டைச் சரிசெய்தாள். மகளைப் பார்க்கவில்லை. நாற்காலியில் இருப்பவளைப் பார்த்து, "வாங்க. சாயா குடிக்கிறீங்களா?" என்றாள்.

நன்றாக நடித்தாள்.

கோகிலவாணி சாயா வேண்டாம் என்று விரலால் சொன்னாள். உத்தரத்தைப் பார்த்தாள். உதிர்ந்த சுண்ணாம்பைப் பார்த்தாள். கட்டிலுக்குக் கீழே இருந்த பிளாஸ்டிக் வாளியைப் பார்த்தாள்.

"இதையப் பாக்கவா இத்தன தூரம் உருட்டிட்டு வந்தே? எங்க தோட்டத்துல மாட்டை இதைவிட நல்ல எடத்துல கட்டியிருக்குது."

"உத்தரம் தேக்கு, மேடம்."

ரஃபீனாவின் கண் உத்தரத்தில் இல்லை. உம்மாவின் பாதம் வீங்கவில்லை. கன்னம் ஒட்டியிருந்தது. நைட்டி சுத்தமாக இருந்தது.

மரியம் இருமினாள். வயிற்றை வெறுங்கையால் பிடித்துக்கொண்டாள். வலியில் உதட்டைக் கடித்தாள்.

"மேடம், இருமல் வந்தா தலையணையை வயித்தோட சேர்த்து அழுத்திப் பிடிக்கணும். அப்பத்தான் தையல் இழுக்காது," என்றாள் ரஃபீனா, தேவைக்கு மேல் சத்தமாக.

"எனக்கு வெட்டுனது இடுப்புல, புள்ள. வயித்துல இல்ல."

"கனம் தூக்கக் கூடாது, மேடம். தண்ணிக் குடம்கூட."

"கொடத்த நான் எதுக்குத் தூக்கறேன்? வெயிலு மண்டைக்கு ஏறிப்போச்சா?"

கட்டிலில் மரியம் தலையணையை இழுத்து வயிற்றோடு வைத்துக்கொண்டாள்.

போதும். ரஃபீனா நாற்காலியைத் திருப்பினாள்.

"இந்தப் பொண்ணு உங்க மகளா?" என்று கேட்டாள் மரியம்.

ரஃபீனா நின்றாள். உம்மாவின் முகத்தில் சிரிப்பு இருந்தது. விளையாட்டு பிடித்துப்போயிருந்தது. மகளைப் பற்றி ஊரான் வாயால் ஒரு நல்ல சொல் கேட்கும் ஆசையும் இருந்தது.

"மகளா?" கோகிலவாணிக்கு அதுவே அவமானம். "சம்பளத்துக்கு வந்தவ. பின்னாடி ஆளில்லாத புள்ளயாக் குடுங்கன்னு கேட்டு வாங்குனேனாக்கும். வூட்டாளுக இருந்தா எந்நேரமும் போனுலயே தொங்குவாளுக. இவளுக்கு அந்தச் சள்ளையெல்லாம் இல்ல. அப்பன் இல்ல. ஆத்தாளும் செத்து மூணு வருசமாச்சுன்னு இவளேதான் சொன்னா."

வெளியே யாரோ ஒரு மூட்டையைப் போட்டார்கள்.

ரஃபீனா கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்," என்றாள் மரியம்.

யாருடைய சாவைக் கேட்டாலும் சொல்ல வேண்டியது அது. அவசரமில்லாமல், ஓர் எழுத்தும் விடாமல் சொன்னாள்.

பிறகு, அன்று முதல் முறையாக, மகளை நேராகப் பார்த்தாள்.

"உம்மா மௌத்தாகும்போது நீ பக்கத்துல இருந்தியா, மோளே?"

"இருந்தேன்," என்றாள் ரஃபீனா.