இருபது அடி

கடலில் ஒரு சுறாகூட மிஞ்சாத அந்த வருஷத்தில், தூத்துக்குடியில் பிலோமினா வீட்டுக் கூடத்தில் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. ப்ளைவுட் பலகைகளை ஆளுயரத்துக்கு அடித்து, உள்ளே ரப்பர் ஷீட் விரித்து அவளே கட்டிய தொட்டி. கட்டும்போது ஒரு தப்பு செய்துவிட்டாள். முழ நீளக் குட்டியைப் பார்த்து அளவெடுத்தாளே தவிர, அது வளரும் என்று நினைக்கவில்லை. இப்போது திரும்பும்போதெல்லாம் அதன் வால் பலகையில் உரசியது.

அரசு மீன் காப்பகத்திலிருந்து வந்த அதிகாரி டேப் வைத்து அளந்தார். "சட்டப்படி இருபது அடி இருக்கணும்மா. நாலடி குறையுது. நாங்க கொண்டுபோயிருதோம்."

"முன்னால கொண்டுபோன மூணு சுறாவும் என்னாச்சு?"

அதிகாரி டேப்பைச் சுருட்டினார்.

பிலோமினா கட்டிலை வாசலுக்கு இழுத்துப் போட்டாள். சம்மட்டியை எடுத்து, கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவிலிருந்த சுவரில் ஓங்கி ஒரு போடு போட்டாள். செங்கல் பெயர்ந்து விழுந்தது.

"இருக்கிறதே ஒரு ரூம். அதையும் இடிச்சிட்டு நீங்க எங்கம்மா படுப்பீங்க?"

அவள் சம்மட்டியை இறக்காமலே திரும்பினாள்.

"நீந்துறத நிப்பாட்டினா அதுக்கு மூச்சு நின்னுரும் சார். நான் முப்பது வருஷம் டவுன் பஸ்ல கண்டக்டரு. நின்னுக்கிட்டே தூங்குவேன். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கல்லு தெறிக்கும்."