ஆயிரத்து நூற்றைம்பது வாட்

கணபதி வட்டாரத்தில் உள்ள ஒரு ஹீட்டர் பட்டறையில், தகரக்கூரை ஓட்டை வழியே விழும் வெயில் மீட்டர் கண்ணாடியில் தெறிக்கிறது. வாளித் தண்ணீருக்குள் புது ஹீட்டரின் கம்பிச்சுருள் முணுமுணுக்கிறது. சோதித்து அனுப்புகிற லோகப்பிரியா மீட்டரைப் படிக்கிறாள்: இருநூற்று முப்பது வோல்ட், ஐந்து ஆம்பியர். மேசைமேலேயே சாக்பீஸால் வகுக்கிறாள், தடை நாற்பத்தாறு ஓம். பெருக்குகிறாள், ஆயிரத்து நூற்றைம்பது வாட். முதலாளி கண்ணையா ‘2000 வாட்’ என்று அச்சடித்த ஸ்டிக்கர் சுருளை அந்தக் கணக்கின் மேலேயே வைக்கிறார். “ஒட்டிப்போடு அம்மணி. வாங்கறவன் மீட்டர் வெச்சா பாக்கப்போறான்?” “நான் வெச்சுப் பாத்துப்போட்டனுங்களே.” “உனக்கு இங்க வேலை வேணுமா, வேண்டாமா?” அவள் சுவிட்சை அணைக்கிறாள். ஹீட்டரைத் துடைத்து, அதன் கைப்பிடியில் அழியாத மார்க்கரால் 1150 என்று பெரிதாக எழுதுகிறாள். “வேணுமுங்க,” என்றபடி அடுத்த ஹீட்டரை வாளிக்குள் இறக்குகிறாள். மார்க்கரை இன்னும் மூடவில்லை.