பின்னறைக்கு வந்த விளக்கம்

கட்டட விதிகள் தினமும் காலையில் தம்மைத் தாமே திருத்திக்கொள்ள ஆரம்பித்த பிறகு, மாடம்பாக்கத்தில் யாரும் பேப்பர் படிப்பதில்லை. அன்றைய விதியைக் காட்டும் வாசல் மின்பலகையைத்தான் படிக்கிறார்கள். அன்று செண்பகவல்லியின் வீட்டுப் பலகையில், பக்கவாதத்தில் படுத்த மாமனாரின் பின்னறை ‘கிடங்கு’ என்று ஒளிர்ந்தது.

நகரமைப்பு அலுவலர் பூமிநாதன் பொன்னாடை வாங்க வருபவர் போல வந்து இறங்கினார்.

“உள்ள மனுஷன் படுத்திருக்காரு சார்!”

“அதாம்மா விஷயம். நடமாட்டம் இருந்தா அது வசிப்பிடம். இல்லேன்னா சரக்கு இருப்பு. புது விளக்கம். எவ்வளவு தெளிவா இருக்கு பாருங்க!”

“பேசுவாரு சார். காபி கேப்பாரு.”

“சத்தம் கணக்குல வராதும்மா. குடியிருப்புப் பகுதியில கிடங்கு கூடாது. சரக்கை எடுக்க வண்டி வந்தாச்சு.”

“யாரும்மா வந்திருக்கா? உக்காரச் சொல்லு,” என்றது பின்னறைக் குரல்.

செண்பகவல்லி உள்ளே ஓடினாள். மாமனாரின் மரத்துப்போன காலைப் பிடித்து மடக்கி நீட்டினாள். திறந்த கதவு வழியே தெரிந்த பலகை ‘வசிப்பிடம்’ என்று மாறியது. மூச்சு வாங்க ஒரு கணம் நிறுத்தினாள், மறுபடி ‘கிடங்கு’. பதறிப்போய்த் திரும்பவும் ஆட்டினாள்.

பூமிநாதன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“மெதுவா செய்யுங்கம்மா, அவசரமில்ல. உங்க கை ஓயுற வரைக்கும் வண்டி நிக்கும்.”