விருந்தாளி வரி

“விருந்தாளி வரியா? எனக்கா? டோரீன், என் மூஞ்சியை நல்லா பாரு. நான் விருந்தாளி மாதிரியா தெரியறேன்?”

வெண்டல் ஹாக் பில்லை மேஜை மேல் படாரென்று வைத்தார். அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தின் இந்த மலையடிவாரத்திலேயே பிறந்து அறுபத்து நாலு வருஷம் வாழ்ந்தவர். காலையில் அவருடைய பிக்கப் வண்டி ஒரு எல்க் மான் மீது மோதி, முன்பக்கம் அப்பளமாக நொறுங்கிப் பட்டறையில் கிடந்தது. எங்கள் ஊரில் வாடகைக் கார் கடை ஒன்றே ஒன்றுதான். அது டோரீனுடையது.

“கார் வாடகைக்கு எடுத்தா நாலு சதவீதம் வரி, வெண்டல். எல்லாருக்கும் அதே கணக்குதான்” என்றாள் டோரீன். சாவி அவள் கைக்குள் இருந்தது.

“ஏரியைப் பாக்க வர்றவங்க கட்டற வரி அது! எனக்கே சட்டம் சொல்லித் தர்றியா?”

“சேச்சே, உங்களுக்குப் போய் சொல்லித் தருவேனா! ஆனா இந்த மாசம் என்கிட்ட வந்த பதினோரு பேரும் உள்ளூர்க்காரங்கதான். எல்லாம் மான் கேஸ். யாரும் இப்படிக் கத்தலை.”

“கட்டிட்டாங்களா?”

“ஏன் கட்ட மாட்டாங்க? நம்ம ஆம்புலன்ஸ் ஓடறதே இந்த வரியிலதானே.”

வெண்டல் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்றரை. “அறுபது மைல் போகணும். தலைபோற வேலை இருக்கு. அந்த வரியை எடுத்துட்டு சாவியைக் குடு.”

டோரீன் சாவியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“போன ஜனவரியில என் வீட்டுக்காரர் கூரையிலிருந்து விழுந்து பனியில ஒன்றரை மணி நேரம் கிடந்தாரு. இருக்கிற ஒரே ஆம்புலன்ஸ் அப்ப ஏரிக்கரையில, சறுக்கி விழுந்த ஒரு டூரிஸ்டுக்குக் கட்டுப் போட்டுக்கிட்டு இருந்துச்சு. இன்னும் அவரு கோல் ஊன்றித்தான் நடக்கறாரு. இன்னைக்கு மூணு மணிக்கு மாவட்ட மன்றத்துல ஓட்டெடுப்பு. நாலு சதவீதம் ஆறாச்சுன்னா, நமக்கு ரெண்டாவது ஆம்புலன்ஸ் வரும். நிச்சயம் வரும், பாருங்க.”

“அதெப்படி அவ்வளவு உறுதியா சொல்றே?”

“எனக்குத் தெரியும். ஆனா எவ்வளவு அவசரமா இருந்தாலும் உங்களுக்கு மட்டும் வரியைத் தள்ளுபடி பண்ண முடியாது. வேணும்னா அந்தச் சுவத்துல சட்டம் ஒட்டியிருக்கு. உள்ளூர்க்காரனுக்குக் கிடையாதுன்னு ஒரு வார்த்தை காட்டுங்க, இப்பவே வரியை எடுத்துடறேன்.”

வெண்டல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுவரருகே போனார். விரலை வைத்துப் படித்தார். ‘வாகனத்தை வாடகைக்கு எடுக்கும் ஒவ்வொருவரும்’ என்றிருந்தது. மேலே பார்த்தார், கீழே பார்த்தார். வெளியூர், உள்ளூர் என்ற பேச்சே அதில் இல்லை. காது மடல் வரை சிவந்துவிட்டது மனிதருக்கு.

“நம்ம ஆளுங்க எதுக்கு வாடகைக் கார் எடுக்கப் போறாங்கன்னு...” என்று முணுமுணுத்தார்.

“மான் யோசிச்சா வந்து முட்டுது?” என்று டோரீன் வாய்விட்டுச் சிரித்தாள்.

வெண்டல் கடன் அட்டையை எடுத்து நீட்டி, வரியோடு சேர்த்துக் கட்டினார். டோரீன் வாசல் வரை கூடவே வந்து சாவியை அவர் கையில் வைத்தாள்.

“சட்டத்துக்குக் கீழே இருக்கிற கையெழுத்தைப் படிக்கலையே, வெண்டல். உங்க கையெழுத்து எவ்வளவு அழகு!” என்றாள். “சீக்கிரம் கிளம்புங்க, மன்றத் தலைவரே. அங்க ரெண்டுக்கு ரெண்டுன்னு இழுபறியாம், உங்க ஓட்டு விழுந்தாத்தான் நாலு ஆறாகும்!”