பின் பிரேக்கும் பத்துப் பாதாமும்

"பாய், ஹேண்ட் பிரேக்க எறக்காமலே ஓட்டிக்கினு இருந்தாத்தான் பின் பிரேக்கு லைனரு இப்படிக் கருகும்," என்று மெக்கானிக் பழனி சொன்னான்.

"முப்பது வருசமா கல்வராயன் மலை ஏறி எறங்குறவன்கிட்டயா இத சொல்ற?" என்று கேட்டார் நூர் முகமது.

பழனி சிரித்தான். அந்தச் சிரிப்பு நான்கு மாதமாக அவர் கூடவே காரில் ஏறி உட்கார்ந்து வந்தது.

முதலில் வேறு மெக்கானிக்கைத் தேடி உளுந்தூர்பேட்டை வரை போனார். லாரிகளுக்கு வேலை பார்க்கும் அந்த ஆள் பின்சக்கர டிரம்மைக் கழற்றி மோந்து பார்த்துவிட்டுப் பழனி சொன்னதையே சொன்னான். ஆனால் சிரிக்கவில்லை. வயசானா இப்படித்தான் பாய் என்று ஆறுதல் சொன்னான். சிரித்திருந்தாலே தேவலை.

பிறகு லைனரைக் குற்றம் சொன்னார். அதை மாற்றினார். கேபிளைக் குற்றம் சொன்னார். அதையும் மாற்றினார். செவ்வாய்க்கிழமைதோறும் வெள்ளிமலைக்கு வியாபாரப் பாத்திரம் ஏற்றிப் போகிற வழியில் கொண்டை ஊசி வளைவுகளைக் குற்றம் சொன்னார். அவற்றை மாற்ற முடியவில்லை.

கடைசியில் மிச்சம் இருந்தது அவருடைய தலை ஒன்றுதான்.

கிளம்பும்போதெல்லாம் ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டு, "எறக்கியாச்சு" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டார். பாதி வழியில் சந்தேகம் வந்து தொட்டுப் பார்ப்பார். இறங்கித்தான் இருக்கும். ஆனாலும் மறுநாள் காலை காரின் கதவைத் திறந்ததுமே கருகிய வாடை மூக்கில் ஏறும். நேற்று எங்கேயோ மறந்திருக்கிறோம், மறந்ததையும் மறந்திருக்கிறோம் என்று முடிவு செய்துகொள்வார்.

முட்டிவலிக்கு நல்லதாம் என்று மனைவியிடம் பொய் சொல்லி, தினமும் பத்துப் பாதாம் ஊறவைக்கச் சொன்னார். ரம்ஜான் பீவி தோலுரித்துக் கிண்ணத்தில் வைப்பாள். அதைத் தின்ன மட்டும் ஒருநாளும் மறந்ததில்லை.

இந்தப் பின் பிரேக்கை நம்பி மலை இறங்கியது போதும் என்று மகன் வசீம் சென்னையிலிருந்து போனில் கத்தினான். பிரேக்கை விட அவர் தன்னைத்தான் நம்பவில்லை. மறக்கிற கையோடு அந்த வளைவுகளில் இறங்க முடியுமா? வண்டிய வித்துடு என்று அவரே சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் புரோக்கரோடு வருவதாக வசீம் சொன்னான்.

பிரேக் சரியில்லை, அதனால் விற்கிறோம் என்று பீவியிடம் சொல்லிவைத்தார். தலை சரியில்லை என்று எந்த மனிதன் பெண்டாட்டியிடம் சொல்வான்? அதைக் கேட்டதிலிருந்து இரண்டு நாளாக அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஞாயிறு காலை ஒன்பதரை மணிக்கு, கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று முன்சக்கரங்களுக்குக் கல் வைத்து, இடது பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். பெடலை மிதிக்க ஓர் ஆள் வேண்டும். பீவியைக் கூப்பிட்டு டிரைவர் சீட்டில் உட்கார வைத்தார்.

அவள் சீட்டுக்கடியில் கைவிட்டு, அதைச் சட்டென்று முன்னால் இழுத்துக்கொண்டாள். கிளட்சை மிதித்தாள். கியரை ஆட்டி நியூட்ரலில் போட்டாள்.

முப்பது வருசம் நம் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள் ஆயிற்றே என்று அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஹேண்ட் பிரேக்கை இறக்கு என்றார்.

"இன்னாத்த எறக்கணும்ங்க?"

சிரிப்பு வந்தது. யோசித்தால் நியாயமாகவும் பட்டது. எங்கே போனாலும் அவளை வாசலில் இறக்கிவிட்ட பிறகுதான் அவர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்துவார். கிளம்பும்போதும் அவள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வருவதற்குள் வண்டி தெருவில் தயாராக நிற்கும். பெண்டாட்டியைப் பத்தடி நடக்கவிடாத மனிதர் என்று சொந்தக்காரர்களிடம் அவருக்கு நல்ல பெயர் உண்டு. அவர் ஹேண்ட் பிரேக் கம்பியை இழுத்தோ இறக்கியோ அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.

இரண்டு சீட்டுக்கும் நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் பார், நுனியில் இருக்கிற பட்டனை அமுக்கி இறக்கு என்று சொல்லிக் கொடுத்தார்.

கடக் என்றது. அதுவரை அசையாத சக்கரம் அவர் கையில் லேசாகச் சுழன்றது.

உள்ளிருந்து அவள் குரல் கேட்டது. யாரிடமும் சொல்கிற மாதிரி இல்லை.

"அதான் தெனம் காலையில வண்டி முக்கிக்கினே போவுதா?"

நூர் முகமதுவின் கை சக்கரத்திலேயே நின்றுவிட்டது.

விடியற்காலை சுபுஹுத் தொழுகைக்கு நடந்து கிளம்பினால், முடித்துவிட்டு டீக்கடை பெஞ்சில் ஊர்க்கதை பேசி அவர் வீடு திரும்ப ஏழரை மணி ஆகும். சாவி ஆணியில்தான் தொங்கும். வீட்டுக்குப் பின்னால் மனை போட்டு, விலைபோகாமல் கிடக்கும் பொட்டல்.

ஆறு மாதமாக அங்கேதான் ஓட்டிப் பழகுவதாக அவளே சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்து அவர் காலையும் கையையும் பார்த்தே படித்துக்கொண்டாளாம். ரிவர்ஸ் மட்டும்தான் இன்னும் வரவில்லையாம்.

கோபப்படத்தான் பார்த்தார். ஆனால் தலை நன்றாகத்தான் இருக்கிறது என்ற சந்தோஷம் முந்திக்கொண்டது. தரையில் உட்கார்ந்தபடியே தனியாகச் சிரித்தார்.

தெருமுனையில் ஹாரன் சத்தம் கேட்டது. வசீம் புரோக்கரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

அவர் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, டிரைவர் பக்கக் கதவைத் திறந்தார். ரம்ஜான் பீவி இறங்கவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தாள். எத்தனையோ செவ்வாய்க்கிழமைகளில் வாசல்வரை வந்து விழுங்கிவிட்டுப் போனதை இன்று கேட்டாள்.

"வெள்ளிமலைக்கு ஒரு தடவ நான் ஓட்டிக்கினு வரேனே. நீங்க பக்கத்துல ஒக்காந்து வாங்க."