லூதியானா சரக்கு

சுப்பண்ணன் அந்தத் துணியைக் கையில் எடுத்ததும் டீ டம்ளரோடு வந்த கருப்பாத்தாள் அப்படியே நின்றுவிட்டாள்.

மேஜைமேல் சாம்பிள் துணிகள் குவிந்து கிடந்தன. அவரிடம் பனியன் துணி வாங்குகிற குளிர்நாட்டுப் பையர் ஒருவர், கையால் பின்னியது போலவே தெரிகிற தடித்த துணி கேட்டிருந்தார். ஒரு வாரமாக ஊரிலுள்ள யூனிட்டுகளெல்லாம் சாம்பிள் அனுப்பிக்கொண்டிருந்தன. சுப்பண்ணன் ஒவ்வொன்றாக எடுத்து, இழுத்து, முகர்ந்து, ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தார்.

இப்போது அவர் கையிலிருப்பது எந்த யூனிட்டும் அனுப்பியதல்ல. அவர் மனைவி கருப்பாத்தாள் பின்னியது. காலையில் மேஜை துடைக்கிற சாக்கில் குவியலுக்கு நடுவே அவளே செருகி வைத்திருந்தாள். அது அவருக்குத் தெரியாது.

தெரியாமலே அது தேற வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

சின்ன ஆசை இல்லை. கல்யாணத்தன்று மணவறையில் உட்கார்ந்துகொண்டே, கூறைச் சேலையில் ஒரு இழை விட்டிருக்கிறது என்று சொன்ன மனிதர் அவர். மாரியம்மனுக்குச் சாத்திய பட்டுச் சேலையைக்கூட விட்டதில்லை. பூசாரி அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து விரலால் நிரடிப் பார்த்துவிடுவார். அவருடைய உச்சகட்டப் பாராட்டே ‘பரவால்ல’ என்பதுதான். அதுவும் சாப்பாட்டுக்கு மட்டும். துணிக்கு அதுவும் கிடையாது.

கீழே பனியன் துணி பின்னுகிற வட்ட மிஷின்கள் பன்னிரண்டு ஓடுகிற வீடு. அந்த மிஷினுக்குள்ளே நூல் எப்படித் துணியாகிறது என்று அவள் கேட்ட போதெல்லாம், உனக்குச் சொன்னால் புரியாது என்றே பதில் வந்தது. சரி, நானே கண்டுபிடித்துக்கொள்கிறேன், போனில் வீடியோ பார்த்து இரண்டு ஊசியால் பின்னப் போகிறேன் என்றாள். மனிதர் புரையேறச் சிரித்தார்.

“கொல்லன் தெருவுல ஊசி விக்கப் போறியாக்கும்?”

விற்பது இருக்கட்டும், வாங்கவே முடியவில்லை. திருப்பூரில் பின்னலூசி கேட்டு அலைந்த ஒரே மனுஷி அவளாகத்தான் இருக்கும். ராயபுரத்துக் கடைக்காரர் மிஷின் ஊசிப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, எந்த கேஜ் என்று கேட்டார். கடைசியில் கூரியரில்தான் வந்தது.

நூலுக்கு என்ன பஞ்சம் என்று குடோனிலிருந்து பனியன் நூல் கோன் ஒன்றைத் தூக்கி வந்தாள். மத்தியானம் முழுக்கப் பின்னியதில் ஒரு அரைஞாண் கயிறு தேறியது. கம்பளி நூல் என்று வீடியோக்காரி சொன்னதைக் காதில் வாங்கியிருக்கலாம்.

கம்பளி வந்தும் பிழைப்பு அதேதான். ஊசியில் இருபது கண்ணி போட்டு ஆரம்பித்தால் வரிசை முடிவில் இருபத்து மூன்று இருக்கும். அடுத்த வரிசையில் பதினேழு. கோழிக்குஞ்சுகளைக்கூட அவள் இப்படித் தொலைத்ததில்லை. வீடியோக்காரி மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டே ‘சிம்பிள்’ என்பாள். கருப்பாத்தாள் அவளைக் கெட்ட வார்த்தையில் திட்டியிருக்கிறாள். மரியாதை கருதி, போனை நிறுத்திவிட்டுத்தான்.

பின்னியதைப் பிரித்தாள். பிரித்ததைப் பின்னினாள். பிரிப்பதில் சீக்கிரமே கைதேர்ந்துவிட்டாள்.

பிறகு ஒரு நாள், டிவியில் சீரியல் ஓடிக்கொண்டிருக்க, ஊசிகள் தாமாக நடக்க ஆரம்பித்தன. குனிந்து பார்த்தால் மடியில் துணி கிடந்தது. எண்ணினாள். ஒரு கண்ணிகூடக் குறையவில்லை, கூடவுமில்லை. வீட்டில் யாரும் இல்லாததால் எழுந்து ஒரு சுற்று ஆடினாள்.

அந்தத் துணிதான் இப்போது ஜன்னல் வெளிச்சத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

சுப்பண்ணன் இழுத்தார். விட்டார். துணி பழைய அளவுக்குத் திரும்பியது. நெற்றியிலிருந்த மூக்குக்கண்ணாடியை இறக்கி மறுபடி பார்த்தார். முகர்ந்தார். கருப்பாத்தாள் அவர் முகத்தையே பார்த்தாள். டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

அவர் டிராயரைத் திறந்து வட்டக் கட்டரை எடுத்தார்.

எடை பார்ப்பதற்காகத் துணியில் ஒரு வட்டம் வெட்டியெடுக்கிற சாமான் அது. அவள் வாயைத் திறப்பதற்குள் துணியின் நட்டநடுவில் வைத்து, அழுத்தி, ஒரு திருகு திருகினார்.

மூன்று மாத உழைப்பில் பூரி அளவுக்கு ஓட்டை. அறுந்த கண்ணிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன.

‘அடப் பாவி மனுஷா’ என்று கத்த வாயெடுத்தாள். அதற்குள் அவளுக்கு உறைத்தது.

தேறாத துணிமேல் அவர் அந்தக் கட்டரை வைக்கவே மாட்டார். பிளேடு தேய்ந்துவிடும் என்பார். மேஜையில் கிடந்த மற்ற துணிகள் ஒன்றில்கூட ஓட்டை இல்லை.

அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டையும் முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

“இத்தன நல்ல கம்பளின்னா லூதியானா சரக்குதான்” என்றார் சுப்பண்ணன், வெட்டிய வட்டத்தைத் தராசில் வைத்தபடி. “கையில பின்னுனாப்பலயே இருக்குது. என்ன மிஷினுன்னே புடிபடல. ஏம்புள்ள, இத ஆரு கொண்டாந்து வெச்சது?”

“ஆரோ பைக்குல வந்து குடுத்துட்டுப் போனாருங்க. ரேட்டு சாஸ்தியாமுங்க.”

“இருந்துட்டுப் போகுது. வேலை தெரிஞ்ச ஆளுகிட்டப் பேரம் பேசக் கூடாது. நாலு டன் வேணுமுன்னு சொல்லி உடு.”

வேலை தெரிந்த ஆள். காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று கருப்பாத்தாள் மனதுக்குள் இன்னொரு தரம் ஓட்டிப் பார்த்தாள். சரியாகத்தான் விழுந்திருந்தது. உடம்பெல்லாம் சந்தோஷமாக இருந்தது.

சுப்பண்ணன் டீயை ஒரு வாய் உறிஞ்சினார். முகத்தைச் சுளித்தார்.

“சக்கரை பத்தல.”

மற்ற நாளாக இருந்தால் ஓடியிருப்பாள். இன்று மேஜைக்கு வந்து, ஓட்டை விழுந்த துணியை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டாள்.

“டப்பா அடுப்புக்கிட்டத்தான் இருக்குதுங்க. நீங்களே போட்டுக்குங்க. எனக்கு நாலு டன் பின்னற வேலை கெடக்குது.”